இன்னொருத்தி

முனைவர் பட்ட விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க இன்பவல்லி பேராசிரியரின் வீட்டுக்குப் போனாள். அங்கே, ஏழு வருடமாக அவரிடம் ஆய்வு செய்யும் ஜெசிந்தா அவருடைய வேட்டிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவர்கிட்டச் சேரலாமா?" என்று இன்பவல்லி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தாராளமா சேரு. சார் தங்கமான மனுஷன்" என்றாள் ஜெசிந்தா.

பேராசிரியர் ஆய்வுத் தலைப்பைக்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டார். "ஜெசிந்தா, அதான் இந்தப் பொண்ணு வந்துட்டாளே. இனிமே நீ தீசிஸை சப்மிட் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

இன்பவல்லி கொடியில் தொங்கிய வேட்டிகளைப் பார்த்தாள். விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனவளின் கையை ஜெசிந்தா இறுகப் பற்றினாள்.

"கிழிச்சிடாதடி. நான் சப்மிட் பண்ற வரைக்குமாவது இரு. உனக்கும் ஒருத்தி வருவா."