விழுங்கிய எழுத்து

“‘ஐ ஆம்’னு நீட்டாதே. ‘ஐம்’! உதடு ஒட்டினதும் முடிஞ்சிடணும்.”

கணவன் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவள் கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நின்றாள்.

“ஐம்.”

“டூ நாட்?”

“டோன்ட்.”

“வில் நாட்?”

“வில்ன்ட்...”

“வோன்ட்! எத்தனை தடவை சொல்றது?”

“இது என்னங்க அநியாயம்? டூ நாட் டோன்ட் ஆச்சு, சரி. இதுல வில் எங்கே போச்சு?”

“அதையெல்லாம் கேட்காதே. ரெண்டு வார்த்தையை ஒட்டணும், நடுவுல எழுத்தை முழுங்கணும். அவ்வளவுதான்.”

“சோறுன்னா முழுங்கலாம். எழுத்தை எப்படி முழுங்கறது?”

அவன் சிரிக்கவில்லை. ஜன்னலில் நீலப்பூத் திரையை விலக்கினான், உடனே மூடினான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறான், நின்றால் நடக்கிறான். அவன் அலுவலகத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு போனில் பதில் சொல்ல ஆள் எடுக்கிறார்கள். இன்றைக்குத் தேர்வு. அவள் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று அவளைவிட அவன்தான் தவித்தான்.

“நீங்க மட்டும் என்னவாம்? பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தித்தானே பேசுவீங்க?”

“அது அந்தக் காலம். இப்போ வர்றவங்ககிட்ட எல்லாமே புதுசா எதிர்பார்க்கறாங்க.”

“சரி, உங்க முதுகுவலிக்குத் தைச்சுக் கொடுத்தேனே திண்டு, அதை ஆபீஸ்லேர்ந்து எடுத்துட்டு வாங்கன்னா கேட்கறீங்களா? அழுக்கேறிக் கிடக்கும்.”

“இப்போ அதுதான் முக்கியமா? கேன் நாட்?”

“கான்ட்.”

“அப்பாடா! இன்னொண்ணு. நான் உன் புருஷன்னு அங்கே மூச்சு விடாதே. சொந்தக்காரங்களை எடுக்க மாட்டாங்க. நான் மாடியில வேலையா இருப்பேன், தேடாதே.”

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, “எனக்கு லேட்டாயிடுச்சு” என்று அவளுக்கு முன்னாலேயே ஓடினான்.

தேர்வு அறையில் மேற்பார்வையாளர் அம்மா ஒரு ஹெட்போனை நீட்டினாள். மறுமுனையில் யாரோ எரிந்து விழுந்தார்கள். ஆனால் அவள் நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ஐம், டோன்ட், கான்ட்... எழுத்துகள் தாமாகவே தொண்டைக்குள் இறங்கின. அந்த வோன்ட்கூட வழுக்கிக்கொண்டு வந்தது.

“பரவாயில்லையே! மனுஷங்க பேசற மாதிரி பேசறீங்க. இன்னிக்கே சேர்ந்துடுங்க.”

அவளுக்கு அப்போதே மாடிக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் அவளை வரிசையின் கடைசி நாற்காலிக்கு அழைத்துப் போனாள்.

“போன மாசம் வரைக்கும் இதுல இருந்தவர் தங்கமான மனுஷன். ஆனா வாயைத் திறந்தா ‘டூ நாட்’, ‘வில் நாட்’தான். மெஷின் பேசுதுன்னு நினைச்சு போனை வெச்சிடுவாங்க. நாங்களும் சொல்லிப் பார்த்தோம், வரவே இல்லை. கடைசியில அனுப்பிட்டோம், பாவம். அட, அவரோட திண்டு இன்னும் இங்கேயே கிடக்கு! இருங்க, தூக்கிப் போட்டுடறேன்.”

“டோன்ட்!” என்றாள் அவள், தன்னையும் மீறி.

ஜன்னல் திரைக்கு வாங்கியதில் மிச்சமான நீலப்பூத் துணியில், அவளே தைத்த திண்டு அது.