ரெக்சன் நினைவுக் கோப்பை

ஊரின் இரண்டு கால்பந்து கிளப்புகளும் சேர்ந்துதான் அந்தக் கோப்பையைச் செய்து, அதில் ரெக்சனின் பெயரைப் பொறித்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன் இதே மைதானத்தில் இரண்டு கிளப் ஆட்களும் அடித்துக்கொண்டபோது, ஆட்டம் பார்க்க வந்திருந்த அவன் தலையில் ஒரு கல் விழுந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. எறிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. போன இரண்டு வருடமும் வெளியூர் அணிகள் ஜெயித்தன; அவன் அம்மா விசென்சியா மேடையேறிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வருடம் இறுதி ஆட்டமே அந்த இரண்டு கிளப்புகளுக்கும்தான். சண்டை எதுவும் வரவில்லை. மகனின் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பந்து எங்கே போகிறதென்றே தெரியாது. ஓடும்போது வீசுகிற கைகளையும், கூட்டத்தில் உயர்கிற கைகளையும்தான் தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கோல் விழுந்தது. ஜெயித்த கேப்டன் மேடைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் கோப்பையை விடவில்லை.

"விடுங்கம்மா, போட்டோ எடுக்காங்க" என்றான் மெதுவாக.

அவள் கோப்பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, இன்னொரு கையால் அவன் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீயும் இருந்தியா மக்கா?"

மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பின்னால், படிக்கட்டில் வரிசையாக நின்ற தோற்ற அணிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளை ஜெர்சியில் துடைக்கத் தொடங்கினார்கள்.