லூர்துமேரியின் ஸ்வெட்டர்

கோத்தகிரியில் வத்சலாவின் சின்ன வீட்டில் சூடு அறைக்கு இல்லை, ஆளுக்குத்தான். சூட்டுக் கருவியின் பதிவில் பெயருள்ளவர் வீட்டுக்குள் எங்கே போனாலும் கதகதப்பு கூடவே போகும். மின்சாரம் துளியும் வீணாகாது.

வீட்டு வேலைக்கு வரும் லூர்துமேரி மூன்று வருடமாக ஸ்வெட்டரைக் கழற்றியதே இல்லை. "அதோடயே பொறந்தியாடி?" என்று வத்சலா தினமும் கிண்டல் செய்வாள். இன்று காபி டம்ளரைக் கொடுக்கும்போது லூர்துமேரியின் விரல் ஐஸாகப் பட்டது. மூன்று வருடம் முன்பு அந்தக் கருவியை மாட்ட வந்தவன், "வேற யாராவது வருவாங்களா?" என்று கேட்டதும், தான் "யாருமில்லை" என்று சொன்னதும் அப்போதுதான் வத்சலாவின் நினைவுக்கு வந்தன.

"இரு, உன் பேரையும் சேர்த்துடறேன்," என்று முகத்தைப் பார்க்காமலே போனை எடுத்தாள்.

"வேணாங்க்கா," என்று சிரித்தாள் லூர்துமேரி. "இங்க சூடு பழகிட்டா, அப்புறம் எங்க வீட்ல எப்படிக்கா தூங்குறது?"

வத்சலாவுக்கு வேர்த்துக் கொட்டியது.