மூன்றாவது பாட்டில்

"காலையிலேருந்து அந்தத் தெருமுனையையே பாத்துட்டிருக்கே. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

"உன் வேலையப் பாரு லிச்சா. ஆரஞ்சு பூரா ஈ மொய்க்குது."

"ஈக்குக்கூட நேரா உள்ள வரத் தெரியுது. நீங்க ரெண்டு பேருந்தான் ஒரு வருஷமா சுத்திச் சுத்தி வர்றீங்க."

டெல்ஃபினா புனலைத் துடைத்தாள். மெக்சிகோவின் ஹலாப்பா நகரச் சந்தைத் தெருவில் அவள் கடைக்கும் லிச்சாவின் ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தடுப்புச் சுவர், அதுவும் இடுப்பு உயரம்.

டெல்ஃபினாவின் கடையில் பாட்டில் கிடையாது. அதை வருகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும். கோலா பாட்டில், எண்ணெய் பாட்டில், மூடி தொலைந்து துணி அடைத்த பாட்டில் என்று எதெதுவோ வரும். நீலப் பீப்பாயின் குழாயைத் திறந்து சோப்போ ஷாம்புவோ குளோரினோ கேட்ட அளவு நிரப்பித் தருவாள்.

வீட்டுக்குள் நடப்பதைப் பாட்டில்கள் மறைப்பதில்லை. மூலை வீட்டு ஒஃபேலியாவின் ஒரு லிட்டர் குளோரின் மூன்று லிட்டராக ஏறியபோதே, மாமியார் வந்து இறங்கிவிட்டாள் என்று டெல்ஃபினாவுக்குத் தெரிந்துபோயிற்று. தையற்காரியின் மருமகள் திடீரென்று வாசனையே இல்லாத சோப்பு கேட்ட அன்று, யாருக்கும் சொல்லாமல் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

எஃப்ரென்னின் பாட்டில்கள் இரண்டு. பாத்திர சோப்பு ஒன்று, துணி அலசும் வாசனைத் திரவம் ஒன்று. சனிக்கிழமைதோறும் வழியில் இருக்கும் பெரிய கடைகளையெல்லாம் தாண்டிக்கொண்டு மேடேறி வருவான். அவள் எப்போதும் இரண்டு விரற்கடை அதிகமாகவே ஊற்றுவாள். அந்த வீட்டுக் கொடியில் எந்தச் சட்டை, எந்தப் போர்வை இந்த வாசனையோடு காய்கிறதோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்றுதான் காத்திருந்தாள். வந்ததெல்லாம் காலி பாட்டில்கள்.

"இன்னிக்கு நீயே கேட்டுடு," என்றாள் லிச்சா. "காபி குடிக்கப் போலாமான்னு. வாய் என்ன தேஞ்சா போகும்?"

"நானாக் கேக்கக்கூடாதுடி. அங்கேருந்துதான் கூப்பிடணும்."

"ஆமா, பெரிய மகாராணி! பல்லக்கு அனுப்புவாங்க, உக்காந்திரு."

தூறல் பிடித்தபோது எஃப்ரென் வந்தான். தொப்பியைக் கழற்றி உதறினான். வழுக்கை பளபளத்தது.

"என்னண்ணே, ஒரு சொட்டுகூட உங்க தலையில நிக்க மாட்டேங்குது?" என்றாள் லிச்சா.

"நிக்க விட்டா குடித்தனம் பண்ணிடும்."

சிரித்துக்கொண்டே சொன்னவன், டெல்ஃபினாவின் பக்கம் திரும்பியதும் வழக்கம்போல அடங்கிப்போனான். பையிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒன்று. இரண்டு. பிறகு கொஞ்சம் தயங்கி, மூன்றாவதாக ஒன்று.

"இதுல... கண்டிஷனர் வேணும். நீள முடிக்குப் போடறது இருக்குமில்ல, அது."

லிச்சாவின் கத்தி பாதி ஆரஞ்சில் நின்றது. டெல்ஃபினாவின் கையிலிருந்து புனல் நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள். "சொன்னாத்தான் எது சரியா வரும்னு..."

"தோளைத் தாண்டிருச்சு. சுருட்டை வேற. காலையானா சீப்போட ஒரே சண்டை."

"அப்போ அழகாத்தான் இருக்கும்."

"அழகுதான்." அவன் தரையைப் பார்த்துப் புன்னகைத்தான். "கொஞ்சம் பிடிவாதம்."

லிச்சா தடுப்புச் சுவரின்மேல் எட்டி அவள் காதருகே முணுமுணுத்தாள். "போச்சு. வீட்டுக்கு ஒருத்தி வந்துட்டா. நான் அப்பவே சொன்னேன், வாயத் தொறடின்னு."

டெல்ஃபினா குழாயைத் திறந்தாள். கண்டிஷனர் வெண்ணெய்போல மெதுவாக இறங்கியது. அந்த வீட்டின் கொடியும் போர்வைகளும் இனி இன்னொருத்தியின் கையில். காலை உணவு யாரோ பரிமாற, அதுவே வழக்கமாகிவிடும். ஒரு வருடமாக வராத வார்த்தை இனிமேல் எதற்கு வரப்போகிறது?

மற்ற இரண்டையும் கழுத்துவரை நிரப்பி மூடிகளை இறுக்கினாள். மூன்று பாட்டில்களையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"முழுசா இருக்கு. நல்லபடியா இருங்க."

அவன் எடுக்கவில்லை. ஜூஸ் கடைக்கு யாரோ வந்தார்கள். லிச்சா அந்தப் பக்கம் நகரும்வரை தொப்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"டெல்ஃபினா, அவ வெளிய வந்து நிக்கிறா. அந்தப் பழக்கடை கூரைக்குக் கீழ."

டெல்ஃபினா தலையை நிமிர்த்தவில்லை. "எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் கூட்டிட்டு வரல. அவளா கிளம்பி வந்தா." இத்தனை நாளாகக் கடையில் 'நீங்க' என்றே பேசியவன், முதல்முறையாக மாறினான். "நீ எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போனப்ப அவளுக்கு அஞ்சு வயசு, இப்ப பன்னெண்டு. போன வருஷம் நீ திரும்பி வந்தப்ப, 'இது யாரு'ன்னு உன் மூஞ்சியிலயே கதவச் சாத்தினா பாரு, அன்னியிலேருந்து அந்தக் கட்டை முடியில கத்திரி வைக்கவே விடல. எனக்கு ஜடை பின்னத் தெரியல... 'அம்மா எனக்குப் பின்னி விடுவாங்களா, கேட்டுட்டு வாங்கப்பா'ன்னு என்னை உள்ள அனுப்பியிருக்கா."