டி.சி. வாங்க வந்தவள்

டவுன் பஸ்ஸில் எவனோ மேலே கை வைத்தான் என்று மாணவி பாப்பாத்தி அழுதுகொண்டே புகார் சொன்னது முந்தாநாள். இன்று காலையிலேயே டி.சி. கேட்டு ஒரு தாய் வந்து நின்றதும் பிரின்சிபாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், சங்கரன்கோவில் முழுக்கப் பேச்சாகாமல் காலேஜ் பேர் தப்பிக்கும்.

"உட்காருங்கம்மா. திருவேங்கடத்துலருந்து வர்ற பஸ்ஸுக்கு நம்ம காலேஜ்லயே தங்கமான பையனாப் பாத்துத்தான் காவலுக்குப் போட்டிருந்தோம். அவனே யாருன்னு தெரியலைன்னுட்டான். நாங்க என்ன செய்ய?"

"அன்னைக்கு நானும் சந்தைக்குக் கூடையோட அதே பஸ்லதான்யா வந்தேன். கூட்டத்துக்குள்ள என் கண்ணால பாத்தேன்."

"பாத்ததை வெளியில சொல்லாதீங்க. உங்க பொண்ணுக்குத்தான் கேவலம்." அவசரமாக டி.சி.யை எழுதி நீட்டினார். "இந்தாங்க, பாப்பாத்தியோட டி.சி."

அவள் வாங்கவில்லை.

"அந்தப் பிள்ளை எதுக்குய்யா போகணும்? அது படிக்கட்டும்."

"அப்ப நீங்க அவ அம்மா இல்லையா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பேட்ஜை மேசைமேல் வைத்தாள். பஸ் காவலுக்கென்று போன மாதம் பிரின்சிபாலே தன் கையால் அந்தப் பையனின் சட்டையில் குத்திவிட்ட பேட்ஜ் அது.

"இவனுக்கு எழுதுங்கய்யா. நான்தான் பெத்தேன்."