பாஸ்வேர்டு சொல்லாத மருமகள்

"வைஃபை பாஸ்வேர்டா? அதை என் வாயால சொல்ல முடியாதுங்க. சாயங்காலம் வந்து நானே அடிச்சுத் தர்றேன்."

தையல் பட்டறையிலிருந்து மருமகள் இவ்வளவுதான் சொன்னாள். அது மேற்பார்வையாளரின் போன்; உடனே கட்டாகிவிட்டது.

மாமியாருக்குச் சுருக்கென்றது. நரின் ஊர்க் கடைத்தெருவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் துர்சுன் வேறு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா தம்பி? இந்த வீட்டுக்கு வந்து மூணு வருஷமாச்சு, சரியான கமுக்கம். சொந்த வீட்டு நெட்டுக்கு எனக்கே பூட்டுப் போட்டு வச்சிருக்கா."

"விடுங்கம்மா." துர்சுன் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டை டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி விடறது? அஞ்சு மணிக்கு மாஸ்கோவிலேருந்து என் பையன் இதுலதான் பேசுவான். இன்னைக்குச் சொல்லிடப் போறேன். இனி அவளும் நானும் ஒரே வீட்ல சரிப்படாது, அவளை அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடுன்னு."

"அதைச் சொல்றதுக்கும் நெட் வேணுமேம்மா."

மாமியார் முறைத்தாள்.

விஷயம் இதுதான். வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்ந்தது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும். துடைத்தால் அது ஞாபகம் வைத்திருக்கும் பாஸ்வேர்டும் போய்விடும். மருமகளைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

"அவ மறைக்கிறான்னா உள்ளே ஏதோ இருக்கு. பழைய சிநேகிதன் எவன் பேரையாவது வச்சிருப்பா. அதை மாமியார்கிட்ட எப்படிச் சொல்லுவா?"

"சும்மா இருங்கம்மா. அவங்க சொல்லாட்டி கம்ப்யூட்டர் சொல்லிட்டுப் போகுது. துடைக்கறதுக்கு முன்னாடி நெட் விவரத்தை மட்டும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கலாம்."

"எடு. அப்படியே படிச்சும் காட்டு."

திரையில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். துர்சுன் ஒரு கட்டத்தைத் தட்டியதும் புள்ளிகள் எழுத்துகளாயின.

"பேரு இருக்கா?"

"இருக்கும்மா." அவர் தயங்கினார்.

"படி."

"'ஷெகெர் அம்மா நூறு வயசு இருக்கணும்'. யாரும்மா ஷெகெர்?"

மாமியார் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். கணவர் போனபிறகு அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"நான்தான்" என்றாள்.

மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கல்யாணத்தன்று வெள்ளை முக்காடு போட்டுவிட்ட கையோடு இதைச் சொல்லிக்கொடுத்ததே ஷெகெர்தான். சொன்னவளுக்கு மறந்துவிட்டது, கேட்டவள் மறக்கவில்லை. ஷெகெரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

துர்சுன் வேலையை முடித்து, எடுத்து வைத்த விவரத்தைத் திரும்பப் போட்டார். நெட் வந்துவிட்டது. மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

"ஒண்ணும் கெடலைம்மா. பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கு."

"அதை மாத்திடு தம்பி."

"அதைக் காப்பாத்தத்தானேம்மா இவ்வளவு பாடு?"

"அவளால சொல்ல முடியாத பேரு எதுக்கு? அவ பேரைப் போடு. 'ஆய்பெரி நூறு வயசு இருக்கணும்'. யார் கேட்டாலும் நான் வாய் நிறையச் சொல்லிக்கறேன்."