இறங்கும் அம்புக்குறி

திருவண்ணாமலையில் மலையுச்சிக்குப் போகும் பாதை நெடுகப் பாறைகளில் வெள்ளை அம்புக்குறி போட்டவர் பெயின்டர் ஜானி பாஷாதான். எல்லாம் மேல்நோக்கியே இருந்தன. இறங்குகிறவர்களை அவர் நினைக்கவேயில்லை. இன்று மகள் மெஹ்விஷ் மேலே போயிருக்கையில் மேகம் மலையை மூடிவிட்டது. அடிவாரத்தில் தன்னையே திட்டிக்கொண்டு நின்றார்.

இருட்டுவதற்குள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

“பயந்துட்டியாப்பா? கண்ணே தெரியல. கீழ காட்டி நீ போட்டிருக்கியே அம்புக்குறி, அதைத் தடவிக்கிட்டே இறங்கிட்டேன்.”

“கீழ காட்டி ஒண்ணுகூட போடலியேம்மா.”

அவள் உள்ளங்கையை விரித்தாள். வெள்ளைப் பெயின்ட், இன்னும் ஈரமாக இருந்தது.

ஜானி பாஷா அந்தக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டார். பிறகு மலையைப் பார்த்து, யாரிடமென்று தெரியாமலே, “நல்லாயிருங்க” என்றார்.